தாளா, திரையா, காதா? வாசகர் கேள்வி – பதில்

புத்தகத்தைத் தாளில் படிப்பதா, கிண்டில் (அமேசான் விற்கும் மின்நூல் படிக்கும் கருவி) போன்றவற்றில் படிப்பதா, ஒலிநூலாகக் கேட்பதா என்று கேட்டு வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில். பாதிப் பேர் கேட்டிருப்பது "எது உசத்தி?" என்றுதான். அப்படிப் பொத்தாம்பொதுவாகச் சொல்ல முடியாது. பசை விட்டுப்போன புத்தகம், எழுத்து உடைந்த கோப்பு, பாதிக் கதையை வெட்டிய ஒலிப்பதிவு என மூன்றிலும் மட்டமான சரக்கு உண்டு. வாங்குமுன் அதைக் கண்டுபிடிப்பது எப்படி என்பதைச் சொல்லலாம்.

எனக்கு 68 வயது. ஒரு கண்ணில் புரை அறுவை முடிந்திருக்கிறது. பழைய நாவல்களின் பொடி எழுத்தைப் படிக்க முடியவில்லை. பெங்களூரில் இருக்கும் மகன் கிண்டில் வாங்கி அனுப்புகிறேன் என்கிறான். 17 ஆயிரம் ரூபாய்க்குக் கிட்டே ஆகுமாம். வாங்கலாமா, தண்டச் செலவா?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, ஆற்காடு

அம்மா, மகனை ஒரு மாதம் பொறுக்கச் சொல்லுங்கள். புரை அறுவையில் பெரும்பாலும் தூரப் பார்வைக்கு ஏற்ற லென்ஸைத்தான் வைக்கிறார்கள். கிட்டத்தில் படிக்கத் தனியாகக் கண்ணாடி வேண்டும். அந்தக் கண்ணாடி போட்ட பிறகும் பொடி எழுத்து தெரியவில்லையென்றால்தான் கருவியைப் பற்றி யோசிக்க வேண்டும். இன்னொரு கண்ணிலும் அறுவை பாக்கி இருந்தால் அது முடியும்வரை பவர் நிலையாக இருக்காது.

அதற்குள் காசு செலவில்லாமல் ஒரு சோதனை செய்து பாருங்கள். 'ஃப்ரீ தமிழ் இ-புக்ஸ்' தளத்தில் இலவசமாகவும் சட்டப்படியும் கிடைக்கும் நூல்களில் ஒன்றை 'இ-பப்' வடிவில் (எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் தாமே மடங்கிக்கொள்ளும் மின்நூல் வடிவம்) போனில் இறக்கிக்கொள்ளுங்கள். ரீட்எரா போன்ற இலவசச் செயலியில் திறந்து, போனை ஒன்றரை அடி தள்ளிப் பிடித்தபடி, கண்ணைச் சுருக்காமல் படிக்க முடிகிறவரை எழுத்தைப் பெரிதாக்குங்கள். அடுத்து, வரியின் இரண்டு ஓரத்தையும் சமமாக்கும் அமைப்பை அணைத்து, இடது ஓரம் மட்டும் நேராக இருக்கும்படி வையுங்கள். தமிழில் சொற்கள் நீளம். எழுத்தைப் பெரிதாக்கினால் ஒரு வரிக்கு மூன்று நான்கு சொற்கள்தான் அடங்கும். ஓரத்தைச் சமமாக்கப் போய் நடுவில் பெரிய ஓட்டைகள் விழும், கண் வரியைத் தவறவிடும். "இ-புக் படித்தால் தலை வலிக்கிறது" என்று சொல்பவர்களில் பலர் இந்த ஒரு அமைப்பை மாற்றியதும் நிம்மதியாகப் படிக்கிறார்கள்.

பத்து நாள் இப்படிப் படித்துப் பிடித்திருந்தால் கருவிக்குப் போகலாம். போனின் திரை கண்ணை நோக்கி வெளிச்சத்தை அடிக்கும். கிண்டிலின் மின்மை ('இ-இங்க்') திரை அப்படி அல்ல. மேலே விழும் வெளிச்சத்தைத் தாள் மாதிரி திருப்பி அனுப்பும். பக்கம் மாறும்போது மட்டுமே திரைக்கு மின்சாரம் செலவாகும் என்பதால் சார்ஜ் வாரக்கணக்கில் நிற்கும். தாழ்வாரத்து வெயிலிலும் எழுத்து தெளிவாகத் தெரியும். உள்விளக்கு உள்ள வகைகளில் அந்த விளக்கைப் பகலில் அணைத்துவிடலாம்.

எடையும் முக்கியம். 600 பக்க நாவல், டெமி அளவு (நாவல்கள் வழக்கமாக வரும் அளவு), 70 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 70 கிராம்) தாள் என்றால் அட்டை நீங்கலாகவே ஏறக்குறைய 630 கிராம். கிண்டில் வகைகளில் ஒன்றான 7 அங்குல பேப்பர்ஒயிட் 211 கிராம். மல்லாந்து படுத்துப் படிக்கிறவர்களுக்கும் விரல் மூட்டு வலி உள்ளவர்களுக்கும் எழுத்தளவைவிட இதுதான் பெரிய உதவி.

இனிக் கணக்கு. அச்சுப் புத்தகம் 350 ரூபாய், அதே மின்நூல் 150 ரூபாய் என்று வைத்தால் ஒன்றுக்கு 200 மிச்சம். 17,000 ரூபாயை எடுக்க 85 புத்தகம் வாங்கிப் படிக்க வேண்டும். மாதம் இரண்டு படிப்பவருக்கு மூன்றரை வருடம். ஆகவே மிச்சத்துக்காக வாங்காதீர்கள், எழுத்துக்காகவும் எடைக்காகவும் வாங்குங்கள்.

ஒன்று பாக்கி. கிண்டில் கடையில் தமிழ் நூல்கள் வரத் தொடங்கியது 2016 டிசம்பரில். எல்லாப் பதிப்பகங்களும் அங்கே இல்லை. நீங்கள் படிக்க நினைக்கும் பத்து நூல்களை எழுதி மகனிடம் தேடச் சொல்லுங்கள். ஆறுக்குக் குறைவாகக் கிடைத்தால் கருவி வேண்டாம். கிடைத்தவற்றிலும் 'சாம்பிள்' இறக்கிப் பாருங்கள். கொம்பும் காலும் எழுத்தை விட்டு விலகி நிற்கிறதா, பத்திகள் பிரிந்திருக்கிறதா, அத்தியாயப் பட்டியலைத் தொட்டால் அந்த இடத்துக்குப் போகிறதா? இந்த மூன்றில் எது சரியில்லாவிட்டாலும் முழு நூலும் அந்த லட்சணத்தில்தான் இருக்கும்.

வீட்டில் ஆறு பேர் சேர்ந்து உட்கார்ந்து பீடி சுற்றுகிறோம். கைக்குத்தான் வேலை, காது சும்மா இருக்கிறது. போனில் கதை போட்டுக் கேட்கிறோம். பாதியில் நின்றுவிடுகிறது, நெட் தீர்ந்துவிடுகிறது, சில கதை முடிவே இல்லாமல் போகிறது. என்ன செய்வது?
– வாசகி, குடியாத்தம்

மூன்று தொல்லைக்கும் மூன்று காரணம்.

பாதியில் நிற்பது போனின் வேலை. பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன் என்று, திரை அணைந்த கொஞ்ச நேரத்தில் பின்னால் ஓடும் செயலிகளைப் போன் தானாக மூடிவிடும். செட்டிங்ஸில் ஆப்ஸ், அதில் நீங்கள் கதை கேட்கும் செயலி, அதில் பேட்டரி என்று போய் 'கட்டுப்பாடு இல்லை' என்பதைத் தேர்ந்தெடுங்கள். யூடியூபில் கேட்டால் இது உதவாது. சந்தா கட்டாதவர்களுக்குத் திரையை அணைத்தால் யூடியூப் நின்றுபோகும்.

நெட் தீர்வதும் யூடியூபால்தான். ஒலிக்கு மட்டும் ஒரு மணி நேரத்துக்கு, 64 கேபிபிஎஸ் தரத்தில், 29 எம்பி போதும். பத்து மணி நேரக் கதை முழுவதும் 290 எம்பியில் முடிந்துவிடும். அதையே காணொளியாக ஓட்டினால் யாரும் பார்க்காத படத்துக்குப் பல மடங்கு டேட்டா போகும். ஒலிநூல் செயலிகளில் 'டவுன்லோட்' உண்டு. காலையில் வேலைக்கு உட்காரும் முன் அன்றைய பகுதிகளை இறக்கி வைத்துக்கொண்டு டேட்டாவை அணைத்துவிடுங்கள்.

முடிவில்லாத கதைகளில் இரண்டு வகை உண்டு. அனுமதி வாங்காமல் யாரோ ஏற்றியவை உரிமைக்காரர் புகார் செய்ததும் மறைந்துபோகும். மற்றவை சுருக்கப் பதிப்புகள். சுருக்கமா முழுசா என்று கண்டுபிடிக்க ஒரு கணக்கு இருக்கிறது. நாவலின் ஒரு பக்கத்தை நிதானமாக வாய்விட்டுப் படிக்க ஏறக்குறைய 2 நிமிடம் ஆகும். 300 பக்க நாவல் 10 மணி நேரம் வர வேண்டும். 400 பக்க நாவலை 4 மணி நேரத்தில் முடித்திருந்தால் பாதிக்கு மேல் வெட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

ஆறு பேர் கேட்க இயர்போன் வேண்டாம், ஒரு சின்ன புளூடூத் ஸ்பீக்கர் போதும். முறத்திலிருந்து பறக்கும் புகையிலைத் தூள் போனின் ஒலித் துளைகளில் படிந்து சத்தம் கம்மிப்போகும். போனைத் தள்ளி அலமாரியில் வைத்து, ஸ்பீக்கரை மட்டும் மெல்லிய துணி போர்த்தி நடுவில் வையுங்கள். வாரம் ஒருமுறை உலர்ந்த பல்துலக்கும் பிரஷால் துளைகளைத் தட்டிவிடுங்கள். ஊதக் கூடாது, தூள் உள்ளே போய்விடும்.

தனியாகக் கேட்கும்போது இயர்போன்தான் என்றால் சத்தத்தில் கவனம் வேண்டும். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வைத்திருக்கும் அளவு, 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம். தினமும் எட்டு மணி நேரம் கேட்பவர் அந்த எல்லையை ஐந்தாவது நாளே தொட்டுவிடுவார். பக்கத்தில் இருப்பவர் சாதாரணமாகக் கூப்பிடுவது காதில் விழ வேண்டும். விழாவிட்டால் சத்தம் அதிகம்.

எந்தக் கதையைத் தேர்ந்தெடுப்பது? பின்னணி இசை போட்டு நாடகம் மாதிரி செய்தவை அரை மணி நேரத்துக்கு நன்றாக இருக்கும், நாள் முழுக்கக் கேட்டால் சலித்துவிடும். ஒரே குரலில், அவசரமில்லாமல் வாசித்ததுதான் நீண்ட நாவலுக்குத் தாங்கும். மன்னர் பெயரும் ஊர்ப் பெயரும் நிறைய வரும் சரித்திரக் கதையில் முதல் ஒரு மணி நேரத்தை இரண்டு முறை போடுங்கள். புத்தகமாக இருந்தால் முன்பக்கம் திருப்பி "இவன் யார்?" என்று பார்த்துக்கொள்ளலாம். ஒலியில் அதற்கு வழியில்லை.

டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிறேன். 6 முதல் 12 வரை பள்ளிப் பாடநூல்கள் எல்லாம் பிடிஎஃப் ஆகப் போனில் இருக்கின்றன. படித்தது நிற்க மாட்டேன் என்கிறது. அச்சுப் புத்தகம்தான் வாங்க வேண்டுமா?
– இளைஞர், காட்பாடி

தம்பி, முதலில் போனில் அந்தப் பக்கம் என்ன ஆகிறது என்று பார்ப்போம். ஏ4 தாளின் அகலம் 210 மில்லிமீட்டர். போன் திரையின் அகலம் ஏறக்குறைய 70. பக்கம் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்குவதால் 12 புள்ளி எழுத்து 4 புள்ளியாகிவிடும். அதைப் படிக்க நீங்கள் பெரிதாக்கி, இடமும் வலமும் இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். 'இந்தத் தகவல் இடது பக்கம், படத்துக்குக் கீழே' என்று மனத்தில் பதியும் இடக்குறிப்பு அதில் கரைந்துபோகிறது. 6 அங்குல கிண்டிலும் இதற்கு ஆகாது. அதன் அகலம் 90 மில்லிமீட்டர்தான், குறுக்கே திருப்பினாலும் 120. பிடிஎஃப் படிக்க 10 அங்குல டேப்லெட்டாவது வேண்டும்.

திரையா தாளா என்பதில் 2018-ல் ஒரு பெரிய தொகுப்பாய்வு வந்தது. 2000 முதல் 2017 வரை நடந்த 54 ஆய்வுகளை, 1.7 லட்சத்துக்கும் மேற்பட்ட வாசகர்களின் முடிவுகளோடு சேர்த்துப் பார்த்தார்கள். தகவல் சார்ந்த பாடங்களில் தாளில் படித்தவர்களின் புரிதல் மேலாக இருந்தது. நேரக் கட்டுப்பாடு வைத்தபோது இடைவெளி கூடியது. கதை படிக்கும்போது வித்தியாசம் தெரியவில்லை. தேர்வுக்குப் படிப்பது தகவல், அதுவும் நேரக் கட்டுப்பாட்டோடு. ஆக, தாள்தான்.

அதற்காக எல்லா வகுப்பு நூலையும் வாங்க வேண்டாம். பாடத்திட்டத்தை எதிரில் வைத்து வரலாறு, குடிமையியல், புவியியல், தமிழ் என்று தேவைப்படும் பாடங்களை மட்டும் குறியுங்கள். ஒரு நூலில் பாதிக்கு மேல் தேவையென்றால் பாடநூல் கழகப் புத்தகமே வாங்குங்கள். மூன்று நான்கு பாடம்தான் என்றால் ஜெராக்ஸ் கடையில் இரண்டு பக்க அச்சாக எடுத்து ஸ்பைரல் போடுங்கள். கருப்பு-வெள்ளை போதும், ஆனால் வரைபடப் பக்கங்களுக்கு ஆகாது. நிறம் போனால் ஆற்றுக்கும் எல்லைக்கும் வித்தியாசம் தெரியாது. போனிலுள்ள பிடிஎஃப்பைத் தூக்கி எறிய வேண்டாம், சந்தேகம் வரும் இடத்தைத் தேடிப் பிடிக்க அது உதவும். ஆண்டுகளையும் சட்டப் பிரிவுகளையும் உங்கள் குரலிலேயே பத்துப் பத்து நிமிடமாகப் பதிந்து வைத்து, பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது கேளுங்கள். இடையில் கேள்வி, ஐந்து விநாடி மௌனம், பிறகு பதில் என்று பதியுங்கள். வெறுமனே ஒப்பித்துப் பதிந்தால் பாட்டு மாதிரி காதில் ஓடிவிடும்.

பழைய தமிழ் நூலின் பிடிஎஃப் ஒன்றை கிண்டிலுக்கு மாற்றினேன். எழுத்தெல்லாம் குப்பையாக வருகிறது. கருவிக் கோளாறா?
– வாசகர், ஆம்பூர்

கருவி நன்றாகத்தான் இருக்கும். பிடிஎஃப்பில் ஒரு வரியைத் தேர்ந்தெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள், நோய் என்னவென்று தெரிந்துவிடும்.

ஒட்டியது நல்ல தமிழாக வந்தால் அது யூனிகோட் (எல்லாக் கருவிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு) கோப்பு. காலிபர் என்ற இலவச மென்பொருளில் இ-பப் ஆக மாற்றினால் போதும். ஆங்கில எழுத்தும் குறியும் கலந்த குழம்பாக வந்தால் அது பாமினி, டாம், டாப், திஸ்கி போன்ற பழைய எழுத்துரு முறையில் தட்டச்சானது. கண்ணுக்குத் தமிழாகத் தெரிவது அந்த எழுத்துருவின் தயவு, உள்ளே இருப்பது வேறு குறியீடு. பிடிஎஃப்பின் 'ப்ராப்பர்ட்டீஸ்' பகுதியில் எழுத்துருவின் பெயரைப் பார்த்து, என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற மாற்றியில் அதே முறையைக் கொடுத்து யூனிகோடாக்க வேண்டும். முறையை ஊகித்துப் போட்டால் குப்பை வேறு குப்பையாகும். இடையில் ஆங்கிலச் சொற்கள் இருந்தால் அவற்றையும் தமிழ்க் குறியீடு என்று எண்ணி மாற்றிக் கெடுத்துவிடும், அவற்றைக் கையால்தான் திருத்த வேண்டும்.

எதையுமே தேர்ந்தெடுக்க முடியவில்லையென்றால் அது வெறும் படம், ஸ்கேன். அதை கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸ் வழியாகத் திறந்தால் படத்திலுள்ள எழுத்தைப் படித்து உரையாக்கித் தரும். முழு நூலையும் ஒரே மூச்சில் ஏற்றாமல் பத்துப் பத்துப் பக்கமாக வெட்டி ஏற்றுங்கள். கோப்பு பெரிதாக இருந்தால் பின்பாதியை விட்டுவிடும். ஓரக் கறையையும் பக்கத் தலைப்பையும் வெட்டி நேராக்கினால் பிழை குறையும். புள்ளி விடுபடுவது, ரகரமும் துணைக்காலும் மாறுவது, எகர ஏகாரக் குழப்பம் ஆகியவை வாடிக்கையான பிழைகள். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சான நூல்களில் பழைய லை, ணை, றா வடிவங்கள் தடுக்கிவிழ வைக்கும். மெய்ப்புப் பார்க்காமல் தப்ப வழியில்லை.

இ-பப் தயாரானதும் யுஎஸ்பி கேபிளில் நகலெடுத்துக் கிண்டிலில் போடாதீர்கள், அது பட்டியலிலேயே தெரியாது. 'சென்ட் டு கிண்டில்' பக்கத்தில் ஏற்றுங்கள். கேபிள்தான் வேண்டுமென்றால் காலிபரில் ஏஇசட்டபிள்யூ3 வடிவுக்கு மாற்றுங்கள். பழைய மோபி வடிவை இப்போது 'சென்ட் டு கிண்டில்' ஏற்பதில்லை.

இவ்வளவு உழைப்பும் வேண்டாமென்றால் முதலில் மதுரைத் திட்டத்தில் தேடிப் பாருங்கள். 1998 பொங்கல் நாளில் தொடங்கி, பழந்தமிழ் நூல்களைத் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து ஏற்றி வருகிறார்கள். நீங்கள் செய்து முடித்ததை ஊருக்கெல்லாம் பரப்பும் முன் ஒன்று: இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 60 ஆண்டுவரை உரிமை உண்டு. நாட்டுடைமையான நூல் என்றால் தடையில்லை.

காதால் கேட்டால் அது படித்ததாகுமா? – ராணிப்பேட்டை

ஆகும். 2016-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 91 பேரை மூன்றாகப் பிரித்து, கதையல்லாத ஒரு நூலின் பகுதிகளை ஒரு பிரிவைப் படிக்கவும், ஒன்றைக் கேட்கவும், ஒன்றைப் படித்தபடியே கேட்கவும் வைத்தார்கள். முடித்த உடனேயும் இரண்டு வாரம் கழித்தும் புரிதலில் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. ஆனால் அவர்கள் வேறு வேலை செய்துகொண்டு கேட்கவில்லை. பைக் ஓட்டிக்கொண்டு கேட்பது படிப்பிலும் சேராது, பிழைப்புக்கும் ஆகாது.

காசு கொடுத்து வாங்கிய மின்நூல் எனக்குச் சொந்தம்தானே? தங்கைக்குக் கொடுக்கலாமா? – வேலூர், சத்துவாச்சாரி

நீங்கள் வாங்கியது படிக்கும் அனுமதி. 2009-ல் விற்பனை உரிமையில் சிக்கல் வந்ததும் அமேசான், வாங்கியவர்களின் கருவிகளிலிருந்தே இரண்டு நாவல்களை அழித்தது. 2025 பிப்ரவரி 26 முதல் வாங்கிய நூலைக் கணினிக்கு இறக்கி யுஎஸ்பி வழியாக மாற்றும் வசதியையும் எடுத்துவிட்டது. தங்கைக்குக் கொடுக்க வேண்டுமானால் கருவியோடு கொடுக்க வேண்டும். திரும்பத் திரும்பப் படிக்கப்போகும் நூலைத் தாளில் வாங்குங்கள். நகலெடுப்பதைத் தடுக்கும் பூட்டு இல்லாமல் விற்கும் பதிப்பகங்களிடம் வாங்கினால் கோப்பை எடுத்துப் பென்டிரைவில் வைக்கலாம். விலையில் ஒரு சின்ன விஷயம்: அச்சு நூலுக்கு ஜிஎஸ்டி இல்லை, அச்சிலும் வந்த நூலின் மின்பதிப்புக்கு 5 சதவீதம் உண்டு.

பஸ்ஸில் படித்தால் குமட்டுகிறது. கிண்டிலில் படித்தால் சரியாகுமா? – திருப்பத்தூர்

ஆகாது. கண் அசையாத பக்கத்தைப் பார்க்கிறது, உள்காது வண்டியின் ஆட்டத்தை உணர்கிறது. அந்த முரண்பாட்டால் வருவது குமட்டல். தாளோ திரையோ ஒன்றுதான். பஸ்ஸுக்கு ஒலிநூல், ரயிலுக்குப் புத்தகம்.

அலமாரியில் 30 வருடப் புத்தகங்கள். தாள் பழுத்து ஓரம் உதிர்கிறது. புதிதாக வாங்கியவையோ நடுவில் விரித்தால் பக்கம் பக்கமாகக் கழன்று வருகின்றன. இதற்கு மின்நூலே மேல் என்று தோன்றுகிறது.
– வாசகர், வாணியம்பாடி

இரண்டும் வேறு வேறு நோய். பழையது பழுப்பது தாளில். மரக்கூழிலிருந்து லிக்னினை (மர நார்களைப் பிணைக்கும் பொருள்) நீக்காமல் மலிவாகச் செய்த தாள் வெளிச்சத்திலும் வெப்பத்திலும் நிறம் மாறி, உள்ளேயிருக்கும் அமிலத்தால் நொறுங்கும். போன நிறம் திரும்பாது, வேகத்தைக் குறைக்கலாம். நம் பக்கத்துக் கத்திரி வெயிலில் மொட்டைமாடித் தளத்துக்கு நேர் கீழே உள்ள பரண்தான் வீட்டிலேயே சூடான இடம். அங்கே புத்தகமே கூடாது. ஐப்பசி மழையில் ஓதமேறும் வெளிச்சுவரோடு அலமாரியை ஒட்டி வைக்காதீர்கள், மூன்று விரல் இடைவெளி விடுங்கள். வெள்ளிப்பூச்சி தென்பட்டால் ஈரம் இருக்கிறது என்று பொருள். அந்துருண்டை பூச்சியைத்தான் விரட்டும், ஈரத்தை ஒன்றும் செய்யாது. புத்தகங்களை நிழலில் காற்றாட வையுங்கள், நேர் வெயிலில் காயப்போடாதீர்கள்.

பூச்சி உள்ளேயே இருந்தால் நூலைக் காற்றுப் புகாத ஜிப் பையில் போட்டு, ஃப்ரீசரில் 2 வாரம் வையுங்கள். எடுத்ததும் பையைத் திறக்கக் கூடாது. ஒரு நாள் வெளியே வைத்து அறைச் சூட்டுக்கு வந்த பிறகு திறவுங்கள். முன்னாலேயே திறந்தால் குளிர்ந்த தாளில் காற்றின் ஈரம் வேர்த்துவிடும்.

புதியவை கழல்வது பசையில். மடித்துத் தைக்காமல் முதுகை வெட்டிச் சூடான பசையில் ஒட்டிய கட்டு அது. காரிலோ பரணிலோ சூடு பட்டுப் பட்டுப் பசை காய்ந்து வெடிக்கும். கடையிலேயே கண்டுபிடிக்கலாம். புத்தகத்தை மேலிருந்து பார்த்தால் முதுகுப் பக்கம் தாள்கள் சின்னச் சின்ன மடிப்புக் கட்டுகளாக வளைந்து தெரிய வேண்டும், அது நூல் தையல். ஒரே நேர்கோடாகப் பசை மட்டும் தெரிந்தால் ஒட்டுக் கட்டு. இருமுறை படிக்கப்போகும் 500 பக்க நூலை ஒட்டுக் கட்டில் வாங்குவதற்கு மின்நூல் மேல் என்பதில் உங்களோடு ஒத்துப்போகிறேன்.

கழன்றதைச் செல்லோடேப்பால் ஒட்டாதீர்கள். சில வருடத்தில் பழுத்து, பசை கசிந்து அடுத்த பக்கத்தையும் பிடித்துக்கொள்ளும். லாமினேஷனும் வேண்டாம். பைண்டிங் கடையில் கொடுக்கும்போது உள் ஓர வெற்றிடத்தை அளந்து பாருங்கள். பக்கவாட்டில் ஊசி குத்தித் தைக்கும் தையல் ஏறக்குறைய 1 சென்டிமீட்டரை விழுங்கும். உள் ஓரம் 15 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் வரியின் முனை தையலுக்குள் போய்விடும். அப்படிப்பட்ட நூலுக்கு முதுகில் சின்னக் கீறல்கள் போட்டு, கயிறு பதித்து, வெள்ளைப் பசை வைத்துக் கட்டச் சொல்லுங்கள். மைதாப் பசையென்றால் மயில்துத்தம் கலந்ததா என்று கேளுங்கள், கலக்காவிட்டால் பூச்சிக்கு விருந்து. மறுபதிப்பே இல்லாத நூலென்றால் பைண்டிங்குக்குக் கொடுக்குமுன், பக்கங்கள் தனித்தனியாக இருக்கும்போதே, ஸ்கேன் செய்துவிடுங்கள். 300 டிபிஐ போதும்.

பார்வையற்ற என் தம்பி கல்லூரியில் படிக்கிறான். ஒலிநூல் செயலிகளில் கதைதான் இருக்கிறது, பாட நூல் கிடைப்பதில்லை.
– வாசகி, வாலாஜாபேட்டை

சுகம்யா புஸ்தகாலயா என்ற இணைய நூலகத்தில் அவரை உறுப்பினராக்குங்கள். 2016-ல் தொடங்கியது, தமிழ் நூல்களும் உண்டு. மாற்றுத்திறன் சான்று வேண்டும். அங்கே டெய்சி வடிவில் நூல்கள் கிடைக்கும். சாதாரண ஒலிக்கோப்பில் 140-ஆம் பக்கத்துக்குப் போ என்றால் தடவித் தடவித்தான் போக முடியும், டெய்சியில் அத்தியாயம், பக்கம், பத்தி என்று நேராகப் போகலாம். மாணவருக்கு வேண்டியது அதுதான். இல்லாத பாட நூலை நீங்களே ஸ்கேன் செய்து உரையாக்கிக் கொடுப்பதும் சட்டப்படி சரி. 2012-ல் திருத்திய பதிப்புரிமைச் சட்டம் இதற்கு விலக்கு தருகிறது. சாதாரண ஸ்கேன் பிடிஎஃப்பைக் கொடுத்தால் போனின் வாசிப்புக் குரல் ஊமையாகிவிடும், உரையாக மாற்றித்தான் கொடுக்க வேண்டும். சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் பிரெய்லி பிரிவும் இருக்கிறது.

எங்கள் ஊர் இளைஞர்கள் சேர்ந்து படிப்பகம் தொடங்குகிறோம். கையில் 25 ஆயிரம். இரண்டு கிண்டில் வாங்கி நூற்றுக்கணக்கில் நூல் ஏற்றிவிடலாம் என்கிறார்கள் சிலர்.
– சோளிங்கர் அருகிலிருந்து

இந்தப் பணத்துக்கு இரண்டு கருவிகளே வராது. வந்தாலும் ஒரே நேரத்தில் இரண்டு பேர்தான் படிக்கலாம். நூல்கள் ஒரு தனிநபரின் கணக்கில் இருக்கும், அவர் வேலைக்கு வெளியூர் போனால் படிப்பகமும் கூடவே போய்விடும். கடையில் வாங்கிய மின்நூலைப் பொதுவில் இரவல் கொடுக்க அந்த அனுமதியில் இடமில்லை.

20 ஆயிரத்துக்கு அச்சுப் புத்தகம் வாங்குங்கள். புத்தகத் திருவிழாவில் வழக்கமான 10 சதவீதக் கழிவோடு, 300 ரூபாய் நூல் 270-க்கு வரும், எழுபதுக்கு மேல் தேறும். மொத்தமாக வாங்குவதால் பதிப்பக ஸ்டாலில் நேராகக் கேட்டால் இன்னும் குறைப்பார்கள். மீதிப் பணத்தில் பழைய ஸ்டீல் ரேக் ஒன்று, பார்வை குறைந்த பெரியவர்கள் சாயங்காலம் உட்கார்ந்து கேட்க ஒரு ஸ்பீக்கர். நாட்டுடைமையான நூல்களை உங்களில் நன்றாக வாசிப்பவர் பதிந்தே போடலாம்.

வாங்கும் ஒவ்வொரு பிரதியையும் ஸ்டாலிலேயே புரட்டிப் பக்க எண்ணைச் சரிபாருங்கள். அச்சில் 8, 16 பக்கம் ஒரு கட்டாக மடிவதால், பிழை வந்தால் 16 பக்கம் மொத்தமாகக் காணாமல் போகும், அல்லது அதே 16 பக்கம் இரண்டு முறை வரும். அன்றே காட்டினால் மாற்றித் தருவார்கள். மறுநாள் என்றால் ரசீது வேண்டும்.